பெருகியதால் ஏழ்மையா? ஏழ்மையால் பெருக்கமா?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட சிந்தனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சில மாதங்களுக்கு முன் ஒரு ஊருக்குச் சென்றிருந்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் நம் சகோதரர் ஒருவர் தமது உணவகத்துக்கு அழைத்துச் சென்றார். நல்ல மனிதர். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு அள்ளிக் கொடுப்பவர். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் வைக்க வந்த பையனைக் காட்டி அவர் சொன்னார்: "ஹஜ்ரத், இவன் பீகார்க்காரன். என்னிடம் பதினொரு பேர் இருக்கிறார்கள், எல்லாரும் வடக்கத்திப் பையன்கள்தான். அங்கே வதவத என்று பெற்றுப் போடுகிறார்கள். சோறு போட முடியவில்லை. இங்கே அனுப்பி விடுகிறார்கள். ஏழையாக இல்லாமல் என்ன செய்வார்கள்?"

அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டார். தெரியும்! நான் கை கழுவப் போனபோது பின்னாலேயே துண்டு எடுத்து வந்தவன், தலையைக் குனிந்தபடி சொன்னான்: "எங்க அம்மாவுக்கு ஏழு பிள்ளை ஹஜ்ரத். நாலுதான் இருக்கு."

அவன் ஊர் கிஷன்கஞ்ச். பீகாரின் வடகிழக்கு மூலை. அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. முதலாளி சொன்னதும் ஒரு உண்மை. பையன் சொன்னதும் ஒரு உண்மை. இரண்டில் எது முந்தியது? மக்கள் பெருகியதால் ஏழ்மை வந்ததா? ஏழ்மை இருப்பதால் மக்கள் பெருகினார்களா? ஒரே நாட்டில் ஒரு பகுதி முன்னேறுகிறது, இன்னொரு பகுதி பின்தங்குகிறது. இதில் மக்கள்தொகைக்கு என்ன பங்கு? இதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

ஒரே கோட்டில் நின்ற இருவர்

1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்குள் அன்று இருந்தவர்கள் 3.01 கோடி. இன்றைய பீகாரின் எல்லைக்குள் இருந்தவர்கள் 2.91 கோடி. கவனியுங்கள்! பீகார் நம்மைவிடப் பத்து லட்சம் குறைவு!

அறுபது ஆண்டுகள் கழித்து, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? தமிழ்நாடு 7.21 கோடி. பீகார் 10.41 கோடி. நாம் 2.4 மடங்கு ஆனோம். அவர்கள் 3.6 மடங்கு ஆனார்கள். நிலமோ அவர்களுக்குக் குறைவு. தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1.30 லட்சம் சதுர கிலோமீட்டர், பீகாரின் பரப்பு 94 ஆயிரம்தான். இங்கே ஒரு சதுர கிலோமீட்டரில் 555 பேர். அங்கே 1,106 பேர். ஏறத்தாழ இரண்டு மடங்கு!

வருமானம் எப்படி? 1960களின் தொடக்கத்தில் பீகாரின் தனிநபர் வருமானம் நாட்டின் சராசரியில் ஏறத்தாழ 70 சதவிகிதமாக இருந்தது. பின்தங்கிய நிலைதான், ஆனாலும் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரம். இப்போது அது சராசரியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. தமிழ்நாட்டின் தனிநபர் வருமானம் இன்று பீகாரைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் அந்த முதலாளி சொன்னதே சரி என்று தோன்றும். அவசரப்படாதீர்கள்! வியாபாரி ஒருவர் பேரேட்டில் வரவை மட்டும் பார்த்துவிட்டு லாபம் என்று சொல்வாரா? இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளின் எண்ணிக்கை எப்படிச் சுமையாகிறது?

முதலில், மக்கள்தொகை வேகமாகப் பெருகினால் ஒரு பகுதியின் வாழ்க்கைத் தரம் எப்படி அடிபடுகிறது என்பதைப் புரிந்துகொள்வோம்.

2011இல் பீகாரில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 1.91 கோடிப் பேர். தமிழ்நாட்டில் 74 லட்சம் பேர். மக்கள்தொகையில் நமக்குப் பத்துப் பேரில் ஒருவர்தான் அந்த வயதுக் குழந்தை. அவர்களுக்கு ஐந்தரைப் பேரில் ஒருவர். நம் விகிதத்தில் அங்கே குழந்தைகள் இருந்திருந்தால் அந்த எண்ணிக்கை 1.07 கோடிதான் இருந்திருக்கும். அதாவது ஏறத்தாழ 84 லட்சம் குழந்தைகளுக்குக் கூடுதலாகத் தடுப்பூசி, கூடுதலாக அங்கன்வாடி, கூடுதலாக வகுப்பறை, கூடுதலாக ஆசிரியர்! யார் தலையில் இந்தச் செலவு? நம்மைவிட நான்கில் ஒரு பங்கு வருமானம்கூட இல்லாத ஒரு மாநிலத்தின் தலையில்!

ஒரு கடை நடத்துகிறீர்கள். வருகிற லாபத்தில் வீட்டுச் செலவு போக மீதம் இருந்தால்தான் சரக்கு வாங்க முடியும், பக்கத்துக் கடையைப் பிடிக்க முடியும். வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவர், உண்பவர் எட்டுப் பேர் என்றால் முதல் ஏது? மாநிலத்தின் கதையும் இதுதான். உழைக்கும் வயதினர் குறைவாகவும் குழந்தைகள் அதிகமாகவும் இருக்கும்போது, வருமானம் முழுவதும் அன்றாடத்துக்கே போய்விடுகிறது. சாலையும் தொழிற்சாலையும் மருத்துவமனையும் நாளைக்குத் தள்ளிப் போகின்றன. அந்த நாளை வருவதே இல்லை.

அடுத்தது நிலம். 2015-16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி பீகாரில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.39 ஹெக்டேர். ஏறத்தாழ ஒரு ஏக்கர்! அதிலும் இரண்டு மகன்களுக்குப் பங்கு பிரித்தால் ஆளுக்கு ஐம்பது சென்ட். அந்த ஐம்பது சென்டில் நெல் போட்டு ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் எப்படி வாழும்? ஆகவே ஒருவன் ரயில் ஏறுகிறான். திருப்பூர் பனியன் கம்பெனிக்கும், ஆம்பூர் தோல் தொழிற்சாலைக்கும், சென்னையில் எழும்பும் மாடிக் கட்டடத்துக்கும் வந்து சேருகிறான். நமது சகோதரரின் உணவகத்துக்கும் வருகிறான்.

ஆக, முதலாளி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பார்ப்போம்.

நாம் பணக்காரர்களாக இருந்தா குறைத்தோம்?

தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் குறைந்தபோது இது செல்வம் கொழித்த மாநிலமாகவா இருந்தது? இல்லை. கேரளத்தைப் பாருங்கள். 1970களிலும் 1980களிலும் கேரளத்தின் தனிநபர் வருமானம் நாட்டின் சராசரிக்கும் கீழே. ஆனால் 1980களின் இறுதியிலேயே அங்கே ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி இரண்டை நெருங்கிவிட்டது. பணம் வந்த பிறகு குடும்பம் சிறியதாகவில்லை. குடும்பம் சிறியதாகி, பிள்ளைகள் படித்து, படித்தவர்கள் வளைகுடாவுக்கும் பிற ஊர்களுக்கும் போய், அதன் பிறகே பணம் வந்தது.

தமிழ்நாட்டில் 1971 வாக்கில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு பிள்ளைகள். 1990களில் அது இரண்டரைக்கும் கீழே இறங்கியது. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் 1.8 ஆகியது. அதே ஆய்வில் பீகாரின் சராசரி 3.0.

இங்கே எப்படிக் குறைந்தது? காமராஜர் காலத்தில் 1956இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். சோற்றுக்காகப் பள்ளிக்கு வந்த பிள்ளை எழுத்தையும் கற்றுக்கொண்டது. கிராமத்துக்குப் பேருந்து வந்தது. ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது. அதில் செவிலியர் இருந்தார். மருந்து இருந்தது. பிறந்த குழந்தை பிழைத்தது. பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும், தாய் தானாகவே போதும் என்றாள்.

அந்தக் கிஷன்கஞ்ச் பையன் சொன்னதை நினைத்துப் பாருங்கள். ஏழு பெற்றாள். நான்குதான் மிஞ்சின. எத்தனை மிஞ்சும் என்று தெரியாத தாய் எப்படிக் கணக்குப் பார்த்துப் பெறுவாள்? முதுமையில் யார் கஞ்சி ஊற்றுவார் என்று தெரியாத தகப்பன் எப்படி இரண்டோடு நிறுத்துவான்? 2020ஆம் ஆண்டிலும் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயது நிறைவதற்குள் இறப்பது கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, பீகாரில் 27. இருபதாண்டுகளுக்கு முன் அந்தத் தாய் பிள்ளை பெற்ற காலத்தில் நிலைமை இதைவிட மிக மோசம்.

பெண்களின் படிப்பையும் பாருங்கள். 2011இல் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் கேரளத்தில் 92 சதவிகிதம், தமிழ்நாட்டில் 73 சதவிகிதம், பீகாரில் 51 சதவிகிதம். இருபது முதல் இருபத்துநான்கு வயதுக்குட்பட்ட பெண்களில் பதினெட்டு வயதாகும் முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் 13 சதவிகிதம், பீகாரில் 41 சதவிகிதம். நாடு முழுவதும் பார்த்தால், பள்ளிக்கே போகாத பெண்ணுக்குச் சராசரியாக 2.8 பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்போ அதற்கு மேலோ படித்த பெண்ணுக்கு 1.8 பிள்ளைகள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

இன்னொரு அநியாயமும் உண்டு. பீகாரின் நிலத்துக்கு அடியில் நிலக்கரியும் இரும்பும் இருந்தன. அவற்றைத் தோண்டி எடுத்து அங்கேயே தொழிற்சாலை கட்டியிருந்தால் லட்சக்கணக்கானோருக்கு வேலை கிடைத்திருக்கும். ஆனால் 1952 முதல் 1993 வரை மத்திய அரசு சரக்குக் கட்டணச் சமன்பாடு என்ற கொள்கையை வைத்திருந்தது. ஜார்க்கண்ட் பகுதியில் தோண்டிய நிலக்கரி பம்பாய்க்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும் ஏறத்தாழ அதே விலை! பிறகு எந்த முதலாளி பீகாரில் ஆலை கட்டுவார்? துறைமுகம் இருக்கும் ஊரில்தானே கட்டுவார்! லாபம் கடலோர மாநிலங்களுக்குப் போனது. அதில் நமக்கும் பங்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டில் ஜார்க்கண்ட் தனியாகப் பிரிந்தபோது சுரங்கமும் போய்விட்டது. மிஞ்சியது வயலும் வெள்ளமும்தான். 2008 ஆகஸ்டில் கோசி ஆற்றின் கரை நேபாளத்தில் உடைந்தபோது லட்சக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. இதற்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் காரணமா?

ஆகவே சகோதரர்களே, இது ஒரு வட்டம். ஏழ்மை பிள்ளைகளைப் பெருக்குகிறது. பெருக்கம் ஏழ்மையை நீட்டிக்கிறது. இந்த வட்டத்தை எங்கே அறுப்பது? பெண் பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் குழந்தையின் தொட்டிலிலும்தான் அறுக்க முடியும்.

மதமா காரணம்?

இங்கே ஒரு விஷமப் பிரச்சாரத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முஸ்லிம்கள்தான் பெற்றுப் பெருக்குகிறார்கள், அதனால்தான் நாடு முன்னேறவில்லை என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். கோபப்படாதீர்கள். கணக்கை எடுத்து வையுங்கள்!

1992-93இல் எடுத்த முதல் தேசியக் குடும்ப நல ஆய்வில் முஸ்லிம் பெண்களின் சராசரி 4.4. 2019-21 ஆய்வில் 2.4. ஒரு தலைமுறைக்குள் இரண்டு பிள்ளைகள் குறைந்திருக்கின்றன. இந்துச் சகோதரிகளின் சராசரி 3.3இலிருந்து 1.9 ஆகியிருக்கிறது. எல்லாருக்கும் குறைகிறது, நமக்கு இன்னும் வேகமாகக் குறைகிறது. இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறது.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. அதே 2019-21 ஆய்வில் கேரளத்து முஸ்லிம் பெண்ணின் சராசரி சுமார் 2.3. பீகாரின் இந்துப் பெண்ணின் சராசரி சுமார் 2.9. மதம் காரணமென்றால் இது எப்படிச் சாத்தியம்? பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது, ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்பதே எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது.

எல்லை தாண்டியும் ஒரு சான்று இருக்கிறது. 1951இல் ஒரே நாடாக இருந்த பாகிஸ்தானின் இரு பகுதிகளைப் பாருங்கள். கிழக்கில் 4 கோடிக்கு மேல், மேற்கில் 3.4 கோடி. கிழக்குதான் பெரிது, கிழக்குதான் ஏழை. 1970இல் பெரும் புயல், 1971இல் போர், 1974இல் பஞ்சம். புதிதாகப் பிறந்த வங்கதேசம் எழுந்து நிற்குமா என்றே உலகம் கேட்டது. அன்று அங்கே ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஏழு பிள்ளைகள்.

அவர்கள் என்ன செய்தார்கள்? சுகாதாரப் பணிக்கு உள்ளூர்ப் பெண்களையே நியமித்து வீடு வீடாக அனுப்பினார்கள். வயிற்றுப்போக்கில் சாகும் குழந்தைகளை உப்பும் சர்க்கரையும் கலந்த நீரால் காப்பாற்றத் தாய்மார்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கான பெண்கள் வேலைக்குப் போனார்கள். சராசரி ஏழிலிருந்து 2.3 ஆக இறங்கியது. பாகிஸ்தானில் 2017-18 ஆய்வின்படி 3.6.

விளைவு? 2022 கணக்கெடுப்பில் வங்கதேசம் ஏறத்தாழ 17 கோடி. 2023 கணக்கெடுப்பில் பாகிஸ்தான் 24 கோடி. ஏழையாகப் பிரிந்து போன வங்கதேசம், கடந்த பத்தாண்டுகளில் தனிநபர் வருமானத்தில் பாகிஸ்தானைத் தாண்டிவிட்டது. இரு பக்கமும் பெரும்பான்மை முஸ்லிம்கள். ஒரே கலிமா. வேறுபட்டது பெண்களின் கல்வியும் குழந்தைகளின் உயிருக்குக் கொடுத்த கவனமும்தான். வங்கதேசம் சொர்க்கமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2013இல் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டதை மறக்க முடியுமா? உழைப்பவரின் உயிரை மதிக்காத வளர்ச்சி வளர்ச்சியல்ல.

கட்டாயப்படுத்தினால் நடக்குமா?

சட்டம் போட்டு, தடி எடுத்துக் குறைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். செய்து பார்த்தாயிற்று! அவசரநிலைக் காலத்தில் 1975 முதல் 1977 வரை கட்டாயக் கருத்தடை நடந்தது. ஒரே ஆண்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அறுவை. ஏழைகளும் தலித்துகளும் முஸ்லிம்களும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். பயன் என்ன? ஆட்சி கவிழ்ந்தது. குடும்பநலம் என்ற சொல்லைக் கேட்டாலே வட மாநில மக்கள் பல ஆண்டுகள் ஓடி ஒளிந்தார்கள். எதைக் குறைக்க நினைத்தார்களோ அந்த முயற்சியே பின்னுக்குப் போனது.

நம் பக்கத்துக் கறையையும் மறைக்க வேண்டாம். சிறு குடும்பம் என்ற எண்ணம் வந்தபோது, பெண்ணுக்கு மரியாதை கூடவே வரவில்லை. உசிலம்பட்டியிலும் சேலம் பகுதியிலும் பெண் சிசுக்கள் கொல்லப்பட்டதை நாடே அறியும். அதனால்தான் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. எண்ணிக்கை குறைந்தால் மட்டும் சமுதாயம் உயர்ந்துவிடாது. பெண் பிறந்தால் சுமை என்று நினைக்க வைப்பது எது? வரதட்சணை! இதைச் சொல்லும்போது நம் மஹல்லாக்களில் எத்தனை பேர் தலை நிமிர்ந்து உட்கார முடியும் என்று அவரவர் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சக்கரம் திரும்புகிறது

இப்போது நம் கதைக்கு வருவோம். பிள்ளைகள் குறைந்தபோது தமிழ்நாட்டுக்கு ஒரு பொற்காலம் வந்தது. உழைக்கும் கைகள் அதிகம், ஊட்ட வேண்டிய வாய்கள் குறைவு. அந்தக் காலத்தில்தான் தொழிலும் கல்லூரியும் பெருகின. ஆனால் அந்தக் காலம் நிரந்தரமல்ல. அன்றைய உழைப்பாளிதான் இன்றைய முதியவர்.

2021இல் அறுபது வயதைக் கடந்தவர்கள் கேரளத்தில் 16.5 சதவிகிதம், தமிழ்நாட்டில் 13.6 சதவிகிதம், பீகாரில் 7.7 சதவிகிதம் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் மதிப்பிட்டது. 2031இல் தமிழ்நாட்டில் 18 சதவிகிதத்தைத் தாண்டும் என்றும் அது கணித்திருக்கிறது. ஐந்தரைப் பேரில் ஒருவர் முதியவர்! பீகாருக்குக் குழந்தைகள் சுமையானதுபோல், நமக்கு முதுமை ஒரு கடமையாக வந்து நிற்கப் போகிறது. மூட்டை தூக்க ஆள் எங்கே? கட்டடம் கட்ட ஆள் எங்கே? அந்த இடத்தை நிரப்பத்தான் கிஷன்கஞ்ச் பையன் வந்திருக்கிறான். அவன் நம் சோற்றைப் பறிக்க வரவில்லை. நம் கடையைத் திறந்து வைக்க வந்திருக்கிறான்!

இன்னொரு பிரச்சினையும் உண்டு. மத்திய அரசு மாநிலங்களுக்குப் பங்கிடும் வரியில், 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15ஆவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது சுமார் 4.08 சதவிகிதம். பீகாருக்கு சுமார் 10.06 சதவிகிதம். அதற்கு முன்பெல்லாம் 1971ஆம் ஆண்டு மக்கள்தொகைக்கும் இடம் கொடுத்தவர்கள், இம்முறை 2011ஆம் ஆண்டுக் கணக்கை மட்டுமே எடுத்தார்கள். பிறப்பைக் குறைத்த மாநிலங்களுக்காக ஒரு சிறு மதிப்பெண்ணைச் சேர்த்தார்கள். நாடாளுமன்றத் தொகுதிகள் விஷயத்திலும் இதே கவலை. 1962இல் தமிழகத்துக்கு 41 தொகுதிகள். 1967இல் 39 ஆயின. பிறப்பைக் கட்டுப்படுத்தும் மாநிலங்கள் பாதிக்கப்படக்கூடாது என்றுதான் 1976இல் எண்ணிக்கையை உறையவைத்தார்கள். 2001இல் நிறைவேறிய 84ஆவது திருத்தம் அந்த ஏற்பாட்டை 2026 வரை நீட்டித்தது.

நல்ல பிள்ளையாக நடந்தவனுக்குத் தண்டனையா என்று நாம் கேட்பது நியாயம். கேட்க வேண்டும், உரக்கக் கேட்க வேண்டும். ஆனால் யாரிடம் கேட்பது? தில்லியிடம் கேட்க வேண்டும். தண்ணீர் வைக்கும் பையனிடம் அல்ல! ஏழைப் பிள்ளைக்கு அதிகம் போகவேண்டும் என்பதும் நியாயம், முயன்று உயர்ந்தவனின் குரல் குறையக்கூடாது என்பதும் நியாயம். இரண்டையும் ஒருசேரக் காக்கும் வழியைக் கண்டுபிடிப்பதுதான் ஆட்சியாளர்களின் வேலை.

2024 அக்டோபரில் ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு அதிகப் பிள்ளைகள் பெறுங்கள் என்று பேசினார். இங்கே மு.க.ஸ்டாலினும் ஒரு திருமண விழாவில், பதினாறு பிள்ளைகள் பெறலாமா என்று எண்ணும் நிலை வந்துவிட்டது எனும் பொருளில் பேசினார். கைதட்டல் கிடைக்கும். ஆனால் பிள்ளையைப் பெற்று வளர்ப்பது அந்தத் தாய்தான். நேற்று குறை என்றீர்கள், இன்று கூட்டு என்கிறீர்கள். பெண்ணின் வயிறு என்ன அரசாங்கத்தின் பேரேடா?

நாம் செய்ய வேண்டியது

வணிகப் பெருமக்களே! உங்களிடம் வேலை செய்யும் வெளிமாநிலத்தவருக்கு நியாயமான கூலியைக் குறித்த நாளில் கொடுங்கள். பத்துப் பேரை ஒரே அறையில் அடைக்காதீர்கள். "ஏய் பீகாரி" என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நம் தகப்பன்மாரும் பாட்டன்மாரும் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் மூட்டை தூக்கியவர்கள்தான். இன்றும் நம் பிள்ளைகள் சவூதியிலும் துபாயிலும் பெட்டிக்கட்டிலில் படுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். அங்கே நம் பிள்ளைக்கு என்ன மரியாதை வேண்டும் என்று துஆ செய்கிறோமோ, அந்த மரியாதையை இங்கே இந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாமா?

2023 மார்ச் மாதத்தில் நடந்ததை மறந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். திருப்பூரிலும் மற்ற ஊர்களிலும் பயந்துபோனவர்கள் ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்தது. வதந்தி என்பது தெளிவானது. ஒரு பொய்யால் எத்தனை கடைகள் ஆளில்லாமல் நின்றன! வதந்தி வரும்போது நம் கடைப் பையன் நம்மிடம் ஓடி வர வேண்டும், ரயிலுக்கு ஓடக் கூடாது. அந்த நம்பிக்கையை முன்கூட்டியே சம்பாதித்து வையுங்கள்.

இளைஞர்களே! உங்கள் சகோதரியின் படிப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள். பதினெட்டுக்கு முன் நிக்காஹ் பேச வந்தால் முதலில் எழுந்து தடுப்பவர் நீங்களாக இருங்கள். வரதட்சணை வாங்காமல் மணமுடியுங்கள். இது ஒரு வீட்டுக்குச் செய்யும் உபகாரம் மட்டுமல்ல, ஒரு பகுதியின் தலையெழுத்தையே மாற்றும் காரியம் என்பதைக் கேரளத்தின் கணக்கும் வங்கதேசத்தின் கணக்கும் காட்டிவிட்டன.

ஜமாஅத் நிர்வாகிகளே! மஹல்லாவில் தனியாக வாழும் முதியோர் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எடுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் பூட்டிய வீட்டில் என்பது இனி அதிகமாகும். பைத்துல்மாலில் அவர்களுக்கென்று ஒரு பகுதியை இன்றே ஒதுக்குங்கள்.

கடைசியாக ஒன்று. 2001இல் கிஷன்கஞ்ச் மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்றில் ஒருவருக்கும் குறைவு. 2011இல் அது ஏறத்தாழ 55 சதவிகிதம். பத்தே ஆண்டில்! பீகாரின் பிறப்பு விகிதமும் 1990களில் நான்காக இருந்து இப்போது மூன்றாகியிருக்கிறது. வட்டம் அங்கேயும் அறுபடத் தொடங்கிவிட்டது. அந்தப் பையன் அனுப்பும் பணத்தில் ஒரு தங்கை பள்ளிக்குப் போகலாம். போனால் அவள் ஏழு பெற்று மூன்றைப் புதைக்க வேண்டியிருக்காது.

ஊருக்குத் திரும்பும் முன் அந்த உணவக முதலாளியிடம் பையன் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு பையனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, "உன் தங்கச்சி ஸ்கூலுக்குப் போகுதா?" என்று கேட்டார்.

சகோதரர்களே! இன்று மாலை கடைக்குப் போனதும் உங்கள் பையனிடம் நீங்களும் இதைக் கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.